பன்மொழி கற்றுத் தமிழைக் கண்ட அடிகளார்



மலையோரத் தமிழர்களாகிய நாம் இப்பல்கலைக்கழக வாயிலில் நுழையும்போது மூன்று மொழிகளைச் சுமந்துகொண்டு வருகிறோம். வீட்டிலே தமிழ், கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் மலையாளம், வகுப்பறையிலே ஆங்கிலம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்தவராயினும் சரி, வண்டிப்பெரியாற்றிலிருந்து வந்தவராயினும் சரி, என்னைப் போல மூணாற்றுத் தேயிலை மலையிலிருந்து இறங்கி வந்தவராயினும் சரி, இது நம் எல்லோர்க்கும் பொதுவான நிலை. மூன்று மொழி தெரியும் என்று நாம் பெருமை கொள்வதும் உண்டு. ஆனால் அம்மூன்றில் எந்த மொழியின் இலக்கியத்தை நாம் உண்மையாகக் கற்றிருக்கிறோம்? இவ்வினாவிற்கு விடை சொல்ல நேர்ந்த ஒரு நாளில் நான் தலைகுனிந்தேன். அதனாலேயே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

நான் வேதியியல் பயில்பவன். மேற்படிப்பிற்கு உதவும் என்று கருதி மாலை நேரத்தில் செருமன் மொழி கற்று வருகிறேன். ஒரு நாள் ஆசிரியர், அவரவர் தாய்மொழியில் உள்ள பழைய இலக்கியம் ஒன்றைப் பற்றி ஐந்து வாக்கியம் செருமனியில் எழுதுமாறு கூறினார். அருகிலிருந்த மலையாள மாணவி எழுத்தச்சனைப் பற்றி விரைந்து எழுதி முடித்தாள். நான் திருக்குறள் என்று எழுதினேன். 1330 குறட்பாக்கள் என்று எழுதினேன். 133 அதிகாரங்கள் என்று எழுதினேன். அதற்குமேல் எழுதுகோல் நகரவில்லை. குறைந்தது செருமன் சொற்கள் அல்ல. சொல்லுவதற்குச் செய்தியே என்னிடம் இல்லை. எண்களை மட்டும் அறிந்திருந்தேன், நூலை அறியவில்லை.

அன்றிரவு விடுதியில் இதனைச் சொல்லி வருந்தியபோது நண்பர் ஒருவர் தனிநாயக அடிகளின் வரலாற்றைப் படிக்குமாறு கூறினார். படித்தேன். ஐரோப்பிய மொழிகள் பலவற்றைக் கற்றுத் தேர்ந்த பின்னரே தம் தாய்மொழியின் இலக்கியத்தை முறையாகக் கற்கத் தொடங்கிய ஒருவர், பின்னாளில் உலகப் பல்கலைக்கழகங்கள் தமிழை மதித்து நோக்கும்படி செய்தார் என்பதை அறிந்தேன். அவ்வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்வது என் கடமை எனக் கருதுகிறேன்.

தீவகத்தில் பிறப்பு

ஈழத்து யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகளுள் ஒன்று ஊர்காவற்றுறை. அங்கே கரம்பொன் என்னும் சிற்றூரில் 1913ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள் ஓர் ஆண் மகவு பிறந்தது. பெற்றோர் இட்ட பெயர் சேவியர். கிறித்தவக் குடும்பம், கடல் சூழ்ந்த ஊர். ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் பள்ளியிலும், பின்னர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் சேவியர் பயின்றார். அந்நாளில் இலங்கையின் சிறந்த பள்ளிகளில் ஆங்கிலமே கல்வி மொழி. தமிழ், வீட்டில் பேசும் மொழியாக நின்றது. நம்முடைய இன்றைய நிலைக்கும் அந்நிலைக்கும் பெரிய வேறுபாடு இல்லை அன்றோ?

துறவு வாழ்வை நாடிய இளைஞர் 1931இல் கொழும்பிலுள்ள புனித பெர்னாது குருமடத்தில் சேர்ந்து மெய்யியல் பயின்றார். மூன்று ஆண்டுகள் கழிந்தன. அடுத்து அவர் சென்ற இடம் உரோமாபுரி.

உரோமை மாநகரில்

1934 முதல் 1939 வரை உரோமையிலுள்ள உர்பன் பல்கலைக்கழகத்தில் அவர் இறையியல் கற்றார். அக்கல்வி நிலையத்தின் தன்மையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆசியா, ஆப்பிரிக்கா முதலிய கண்டங்களின் பல நாடுகளிலிருந்து வந்த மாணவர்கள் அங்கே ஒரே கூரையின்கீழ்த் தங்கிப் பயின்றனர். பாடங்கள் இலத்தீன் மொழியில் நடைபெற்றன. தெருவிலே இத்தாலியம் ஒலித்தது. உணவு மேசையில் அருகில் அமர்பவர் எந்த நாட்டவராகவும் இருக்கலாம். அவரோடு உரையாட வேண்டுமாயின் அவர் மொழியில் ஒரு பகுதியேனும் அறிந்திருக்க வேண்டும்.

மொழி கற்பதற்கு இதனினும் சிறந்த பள்ளி ஏது? நூலறிவாக மட்டுமன்றி, வாழ்க்கைத் தேவையாகவே மொழிகள் அவரிடம் வந்து சேர்ந்தன. இலத்தீனும் இத்தாலியமும் கைவந்தன. பிரெஞ்சு, செருமன், இசுபானியம், போர்த்துக்கேயம் ஆகியவற்றிலும் காலப்போக்கில் அவர் பயிற்சி பெற்றார். ஆங்கிலம் முன்னமே அவருக்குச் சொந்தமாயிருந்தது. கிரேக்கர், உரோமர் ஆகியோரின் பழம்பெரும் இலக்கியங்களும், தாந்தே முதலிய இத்தாலியப் பெருங்கவிஞரின் ஆக்கங்களும் அவருக்கு அறிமுகமாயின. ஒரு மொழியைக் கற்பவன் அம்மொழியின் இலக்கணத்தோடு நின்றுவிடாமல், அம்மக்கள் எதனைப் போற்றுகின்றனர் என்பதையும் கற்க வேண்டும் என்னும் நெறி அவருக்கு இக்காலத்திலேயே அமைந்தது எனலாம்.

1938ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 19ஆம் நாள் அவர் குருவாகத் திருநிலைப்படுத்தப்பெற்றார். பண்டைய கார்த்தேசு நகரத்துத் திருச்சபையைப் பற்றி ஆராய்ந்து நூல் எழுதினார். அஃது ஐரோப்பியக் கல்வி முறையில் எழுந்த ஆராய்ச்சி: மூலநூலைத் தேடுதல், அதனை அதன் மொழியிலேயே படித்தல், சான்றின்றி ஒன்றும் கூறாமை ஆகியன அதன் இலக்கணம். இப்பயிற்சியே பின்னாளில் தமிழுக்குப் பயன்படப் போகிறது என்பதை அன்று யார் அறிவார்?

வடக்கன்குளத்தில் மாணவரான ஆசிரியர்

உரோமையிலிருந்து திரும்பிய இளந்துறவி 1940இல் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்திற்கு வந்தார். அங்குள்ள புனித தெரேசாள் உயர்நிலைப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியராகப் பணி ஏற்றார். வயது 27. ஐரோப்பிய மொழிகள் பல அறிந்தவர். உரோமையில் பட்டம் பெற்றவர். ஆயினும் தமிழ் இலக்கியத்தை முறையாகக் கற்றவரல்லர்.

இங்கேதான், தோழர்களே, அவர் வரலாற்றின் திருப்பம் அமைகிறது. இத்தகைய நிலையில் உள்ள ஒருவர் என்ன செய்திருக்கலாம்? தமக்குத் தெரிந்தவற்றைக் கொண்டே மதிப்போடு வாழ்ந்திருக்கலாம். ஆங்கிலத்தில் சொற்பொழிவாற்றிப் புகழ் பெற்றிருக்கலாம். அவரோ, அப்பள்ளியிலிருந்த தமிழ்ப் பண்டிதரிடம் மாணவராகச் சென்று அமர்ந்தார். பகலில் பள்ளியை நடத்தியவர், ஓய்வு நேரத்தில் இலக்கணமும் இலக்கியமும் பாடம் கேட்டார். ஓராண்டன்று, ஈராண்டன்று, ஏறத்தாழ நான்காண்டுகள் இவ்வாறு பயின்றார்.

பதவியில் உயர்ந்தவர், கற்பதற்காகத் தாழ்ந்து அமர்தல் எளிதன்று. ஒன்றும் அறியாதவன் கற்கத் தொடங்குவதைவிட, பலவற்றை அறிந்தவன் தன் வீட்டுப் பொருளையே தான் அறியவில்லை என்று ஒப்புக்கொண்டு கற்கத் தொடங்குவது கடினம். அடிகளார் அதனைச் செய்தார். தம் முன்னோர் மரபில் வழங்கிய தனிநாயகம் என்னும் பெயரையும் ஏற்றுக்கொண்டார். சேவியர், தனிநாயக அடிகள் ஆனார்.

அண்ணாமலை நகரில்

1945இல் அடிகளார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராகச் சேர்ந்தார். வெள்ளை அங்கியணிந்த 32 வயதுத் துறவி ஒருவர், தம்மினும் இளைஞரான மாணவரிடையே அமர்ந்து சங்க நூல்களைப் பயிலும் காட்சியை எண்ணிப் பாருங்கள். அங்கே பேராசிரியர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் போன்ற பன்மொழிப் புலவரின் தொடர்பு கிடைத்தது. முதுகலைப் பட்டத்தைத் தொடர்ந்து, பழந்தமிழ்ப் பாட்டில் இயற்கை பெறும் இடத்தை ஆராய்ந்து எம். லிட். பட்டமும் பெற்றார். அந்த ஆராய்ச்சி ஆங்கில நூலாக வெளிவந்தது; பின்னர், 1966இல், நிலமும் கவிதையும் எனப் பொருள்படும் புதுப்பெயரோடு மீண்டும் பதிப்பிக்கப்பெற்றது.

அந்நூலின் சிறப்பு யாது? சங்கப் பாடல்களை அதற்குமுன் உரையாசிரியர்கள் விளக்கினர், பேராசிரியர்கள் பாராட்டினர். அடிகளார் அவற்றை உலக இலக்கியத்தின் நடுவே நிறுத்தி நோக்கினார். ஆயரையும் ஆநிரையையும் பாடிய கிரேக்கக் கவிஞர் தியோக்கிரித்தசையும், உழவரையும் வயலையும் பாடிய இலத்தீன் கவிஞர் வர்சிலையும் மூலமொழியிலேயே அறிந்தவராதலின், குறிஞ்சிப் பாட்டையும் முல்லைப் பாட்டையும் அவற்றோடு ஒப்பிட அவரால் முடிந்தது. நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொரு நிலத்திற்கும் பூவும் பறவையும் பொழுதும் தொழிலும் வகுத்து, அந்நிலத்திற்கேற்ற மன உணர்வையும் இணைத்துவைத்த திணை நெறி, தமிழ்க் கவிதைக்கே உரிய தனிச்சிறப்பு என்பதை ஒப்பீட்டின் மூலம் எடுத்துக்காட்டினார். நம்முடையது உயர்ந்தது என்று உரக்கக் கூறுதல் எளிது. பிறருடையதையும் அருகில் வைத்து, ஒப்புமை எது, வேற்றுமை எது என்று காட்டுதலே ஆராய்ச்சி.

இதனைப் படித்தபோது எனக்கு ஒன்று நினைவிற்கு வந்தது. 2018ஆம் ஆண்டு எங்கள் மலையில் நீலக்குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு ஆண்டிற்கு ஒருமுறை பூக்கும் மலர் அது. அதன் தாவரவியற் பெயரையும், எதற்காக இத்தனை ஆண்டு காத்துப் பூக்கிறது என்னும் உயிரியல் விளக்கத்தையும் பள்ளியில் கேட்டேன். ஆனால் அம்மலரின் பெயரால் ஒரு நிலமே பெயர் பெற்றது என்பதும், மலையில் பிறந்த நான் அந்நிலத்தின் மகன் என்பதும் என் உள்ளத்தில் பதியவில்லை. இலக்கியம் அறியாதவனுக்குத் தன் ஊரின் பூவும் அயலூர்ப் பூவே.

உலகப் பயணமும் ஆங்கில இதழும்

1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவிய அடிகளார், 1949இல் நெடும்பயணம் மேற்கொண்டார். மலாயா, சப்பான், வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, ஐரோப்பா எனப் பல நாடுகளிலும் தமிழ்ப் பண்பாட்டைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அக்காலத்தில் இந்திய இலக்கியம் என்றால் மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பெரிதும் வடமொழி இலக்கியமே பொருளாக இருந்தது. அறியாமையைப் பழிப்பதால் அறியாமை நீங்காது. அறிவிப்பதாலேயே நீங்கும் என்பதை அடிகளார் கண்டார்.

அதன் விளைவே, 1952இல் அவர் தொடங்கிய டமில் கல்ச்சர் என்னும் ஆங்கில முத்திங்கள் இதழ். கமில் சுவெலபில் உள்ளிட்ட வெளிநாட்டறிஞர்களும் தமிழறிஞர்களும் அதில் எழுதினர். தமிழைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவதா என்று சிலர் கேட்கக்கூடும். வீட்டாரோடு பேசத் தமிழ் போதும். உலகத்தோடு பேச உலகம் அறிந்த மொழி வேண்டும். தமிழ்த்தூது, ஒன்றே உலகம் முதலிய நூல்களை அவர் தமிழிலேயே எழுதினார் என்பதையும் மறத்தலாகாது. உலகைத் தமிழருக்கும், தமிழை உலகுக்கும் காட்டும் இருவழிப் பணி அவருடையது.

லிசுபனில் கண்ட செல்வம்

1952இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித் துறை விரிவுரையாளராக அவர் பணியேற்றார். விடுமுறைகளிலும் ஆய்வுக் காலங்களிலும் ஐரோப்பிய நூலகங்களைத் தேடிச் சென்றார். ஒல்லாந்தரும் போர்த்துக்கேயரும் பிரெஞ்சுக்காரரும் நம் கடற்கரைகளிலிருந்து எடுத்துச் சென்ற ஓலைகளும் கையெழுத்துப் படிகளும் அச்சு நூல்களும் அந்நூலகங்களில் கேட்பாரின்றிக் கிடந்தன.

1554ஆம் ஆண்டில் போர்த்துக்கல்லின் தலைநகரான லிசுபனில் கார்த்திலா என்னும் சிறு நூல் அச்சாயிற்று. கிறித்தவ மன்றாட்டுகளைக் கற்பிக்கும் நூல் அது. அதிலுள்ள மொழி தமிழ். ஆனால் எழுத்து உரோமன் எழுத்து. தமிழ் வரிகளோடு போர்த்துக்கேயப் பொருளும் சேர்த்து, கறுப்பும் சிவப்புமாக இரு நிற மையில் அச்சிடப்பெற்றது. இந்திய மொழிகளுள் முதன்முதலில் அச்சேறியது தமிழே என்பதற்குச் சான்றாக விளங்கும் அந்நூலை லிசுபன் அருங்காட்சியகத்தில் பார்வையிட்டு, அதன் சிறப்பைத் தமிழுலகிற்கு எடுத்துரைத்தவர் தனிநாயக அடிகள்.

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. போர்த்துக்கேயம் மட்டும் அறிந்தவருக்கு அந்நூல் ஏதோ கீழ்நாட்டு மொழியின் விந்தைப் பொருள். தமிழ் மட்டும் அறிந்தவருக்கோ அது உரோமன் எழுத்துக் குவியல். நூலகப் பட்டியலில் அதன் பெயரைக்கூட அவரால் கண்டுபிடிக்க இயலாது. இரண்டும் அறிந்த ஒருவர் அதன்முன் அமர்ந்தபோதுதான் அது வாய் திறந்து பேசியது. வேதியியலில் இரு பொருள்கள் தனித்தனியே இருக்கும்போது நிகழாத வினை, அவை சேரும்போது நிகழ்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். மொழியறிவிலும் அத்தகைய வினை நிகழும் என்பதை அடிகளாரின் வாழ்க்கையில் கண்டேன்.

நாம் வாழும் இக்கேரள மண்ணிற்கும் அவ்வரலாற்றில் பெரும்பங்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியுமா? தமிழ் எழுத்துகளைக் கொண்டே அச்சான தம்பிரான் வணக்கம் 1578இல் வெளிவந்த இடம் கொல்லம். 16 பக்கங்களே உடைய அந்நூல், இந்திய எழுத்தில் இந்திய மண்ணில் அச்சானவற்றுள் இன்று கிடைக்கும் முதல் நூல். அதற்கு அடுத்த ஆண்டில் கிரீசித்தியானி வணக்கம் வெளிவந்த இடம் கொச்சி. இரண்டையும் ஆக்கியவர் அண்டிரீக்கு அடிகளார் எனத் தமிழர் அழைத்த என்றீக்கே என்றீக்கசு என்னும் போர்த்துக்கேயத் துறவி. நூறாண்டு கழித்து, 1679இல், அந்தம் தெ புரோயன்சா என்னும் துறவி தொகுத்த தமிழ்–போர்த்துக்கேய அகராதி அச்சான இடம் திருச்சூர் மாவட்டத்தைச் சேர்ந்த அம்பழக்காடு. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களுக்குப் பொருள் கூறும் அந்த அகராதியின் படியை வத்திக்கான் நூலகத்தில் கண்ட அடிகளார், அதன் பக்கங்களை அவ்வாறே படமெடுத்து 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார்.

கொல்லத்திற்கு நாம் இரயிலில் சென்றிருக்கிறோம். கொச்சியில் திரைப்படம் பார்த்திருக்கிறோம். இவ்வூர்களில் தமிழ் நூல்கள் அச்சான செய்தியை, உரோமைக்கும் லிசுபனுக்கும் சென்று வந்த ஒருவர் வாயிலாகவே அறிகிறோம்!

மலாயாவும் உலகத் தமிழ் மாநாடுகளும்

1956இல் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி எனச் சட்டம் வந்தது. அதே ஆண்டில்தான் இந்தியாவில் மொழிவழி மாநிலங்கள் அமைந்து, சித்தூரும் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தின் பகுதிகளாயின. ஒரு நாட்டில் சிறுபான்மையாக வாழும் மொழியினரின் கவலை எத்தகையது என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டுவதில்லை. அடிகளார் தம் மக்களின் மொழி உரிமைக்காகப் பேசினார், எழுதினார். ஆனால் சிங்களத்தை வெறுத்தாரல்லர், அம்மொழியையும் அறிந்திருந்தார். தன் மொழியைக் காப்பதற்குப் பிறர் மொழியைப் பகைக்க வேண்டியதில்லை என்பது அவர் வாழ்ந்து காட்டிய நெறி.

இலண்டன் பல்கலைக்கழகத்தில் கல்வித் துறையில் டாக்டர் பட்டம் பெற்ற அவர், 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறைக்குத் தலைவராகச் சென்றார். இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழரின் மக்கள் உயர்கல்வியை எட்டிப் பார்க்கத் தொடங்கிய காலம் அது. தோட்டத்து லயத்தில் பிறந்த எனக்கு இச்செய்தி எத்துணை நெருக்கமானது என்பதைச் சொல்ல வேண்டுமா?

1964ஆம் ஆண்டு சனவரித் திங்கள் புதுதில்லியில் கீழ்த்திசை அறிஞரின் பன்னாட்டு மாநாடு கூடியது. உலகெங்கிலுமிருந்து அறிஞர்கள் வந்திருந்த அவ்வாய்ப்பைப் பயன்படுத்தி, தமிழாராய்வோரை ஒருங்கே அழைத்துக் கூட்டம் நடத்த அடிகளார் முனைந்தார். அம்முயற்சியில் அவருக்குத் தோள் கொடுத்தவர் திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராக இருந்த வ. அய். சுப்பிரமணியம். சனவரி 7ஆம் நாள் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. பிரெஞ்சுப் பேரறிஞர் ழான் பிலியோசா தலைவரானார். அடிகளாரும் செக்கு நாட்டு அறிஞர் கமில் சுவெலபிலும் பொதுச் செயலாளர்கள். கணியன் பூங்குன்றனாரின் உலகளாவிய உறவுக் கொள்கை மன்றத்தின் குறிக்கோளாயிற்று.

மன்றத்தின் முதல் மாநாடு 1966 ஏப்பிரலில் கோலாலம்பூரில் நடைபெற்றது. இரண்டாவது மாநாடு 1968இல் அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சென்னையில் கூடியது. கடற்கரையில் தமிழ்ச் சான்றோர் சிலைகள் எழுந்தது அப்போதுதான். மூன்றாவது மாநாடு 1970இல் பாரிசு மாநகரில் கூடியது. பிரெஞ்சும் ஆங்கிலமும் செருமனும் பேசும் அறிஞர்கள் தமிழின் பொருட்டு ஓரிடத்தில் அமர்ந்தனர். அவர்கள் ஒவ்வொருவரோடும் அவரவர் மொழியில் உரையாடி இணைக்க வல்லவராக அடிகளார் நடுவில் நின்றார். பல மொழி கற்றதன் பயன் இதனினும் பெரிது வேறு யாது?

நான்காவது மாநாடு 1974 சனவரியில் அவர் பிறந்த யாழ்ப்பாணத்தில் நடந்தது. மக்கள் பெருவெள்ளமாகத் திரண்டனர். இறுதியில் சனவரி 10ஆம் நாள் நடந்த பொதுக் கூட்டத்தில் காவல் துறையினர் புகுந்தமையால் ஏற்பட்ட குழப்பத்தில் உயிர்கள் பலியாயின. மொழி ஆராய்ச்சிக்கென எழுந்த விழா துயரில் முடிந்தது. அவ்வடு ஈழத்தமிழர் நெஞ்சில் ஆறவில்லை.

இறுதி நாட்கள்

மலாயாப் பல்கலைக்கழகப் பணியிலிருந்து 1969இல் ஓய்வு பெற்ற அடிகளார், தம் இறுதிக் காலத்தை யாழ்ப்பாணத்தில் கழித்தார். 1980இல் தந்தை செல்வா நினைவுச் சொற்பொழிவாற்றியபோது அவர் எடுத்துக்கொண்ட பொருள், தமிழியல் ஆராய்ச்சி கடந்து வந்த பாதையும் இனிச் செல்ல வேண்டிய பாதையும் ஆகும். அந்நிலையிலும் அவர் நோக்கு வருங்காலத்தின் மேலேயே இருந்தது. அதே ஆண்டு செப்டம்பர்த் திங்கள் முதல் நாள், 67ஆம் வயதில், அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

நமக்குரிய பாடம்

உலக மொழிகளுக்கெல்லாம் ஒவ்வொரு சிறப்பைக் கூறி, தமிழைப் பக்தியின் மொழி என்று அடிகளார் குறிப்பிட்டதை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். கேட்டுக் கைதட்டிவிட்டு வீடு திரும்புகிறோம். அறிவியல் மாணவனாகிய எனக்கு அப்புகழுரையைவிட, அவர் நூலகம் நூலகமாக அமர்ந்து எடுத்த குறிப்புகளே பெரியனவாகத் தோன்றுகின்றன. புகழுரையை யாரும் மறுக்கலாம். 1554ஆம் ஆண்டு அச்சான நூலை யார் மறுக்க முடியும்?

நம்மில் பலர் இன்று செருமன் கற்கிறோம், பிரெஞ்சு கற்கிறோம். வேலைக்காகவும் மேற்படிப்பிற்காகவும் கற்கிறோம். அதில் தவறில்லை; அடிகளாரும் முதலில் தம் குருத்துவக் கல்வியின் தேவைக்காகவே அம்மொழிகளைக் கற்றார். ஆனால் அம்மொழி நம்மை எங்கே கொண்டு செல்கிறதோ, அங்கே ஒருவர் நம்மைப் பார்த்து, உங்கள் மொழியில் என்ன இருக்கிறது என்று கேட்பார். அக்கேள்விக்கு வெறும் எண்களை விடையாகக் கூறும் நிலை உங்களுக்கு நேர வேண்டா. காலம் கடந்துவிட்டது என்றும் யாரும் சொல்ல வேண்டா. அடிகளார் பண்டிதர்முன் அமர்ந்தபோது அவருக்கு வயது 27. எனக்கு இப்போது 23. இன்னும் நான்காண்டு மீதம் இருக்கிறது!

நம் சங்கத்தின் அலமாரியில் சங்க இலக்கியத் தொகுதிகள் உள்ளன. நான் எடுத்தபோது அவற்றின் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் கூடிப் பொருள் தெரிந்த ஒருவரைக் கொண்டு சில பாடல்களைப் பயில்வோம் என்று நானும் தோழர் மூவரும் முடிவு செய்திருக்கிறோம். இலக்கிய மாணவர் வழிகாட்டட்டும். அறிவியல் மாணவர் ஐயம் எழுப்பட்டும். மலையாளத் தோழர்கள் வந்தாலும் வரவேற்போம். சேர நாட்டுப் புலவர் பாடிய பாடல்களில் அவர்களுக்கும் பங்குண்டு.

சென்ற வாரம் செருமன் ஆசிரியரிடம் என் பழைய ஏட்டை மீண்டும் நீட்டினேன். முன்பு மூன்று வாக்கியங்களோடு நின்ற பக்கம் அது. நான்காவதாக, எங்கள் மலையில் பன்னிரண்டு ஆண்டிற்கு ஒருமுறை பூக்கும் மலர் ஒன்று உண்டு என்று எழுதியிருந்தேன். ஐந்தாவதாக, ஈராயிரம் ஆண்டிற்கு முன்பே எங்கள் புலவர்கள் அம்மலரின் பெயரை ஒரு நிலத்திற்கும், அந்நிலத்தில் காதலர் கூடும் இன்பத்திற்கும் சூட்டினர் என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் இலக்கணப் பிழை இரண்டைத் திருத்தினார். பிறகு அம்மலரைப் பற்றி மேலும் சொல்லுமாறு கேட்டார்.

வாழ்க அடிகளார் புகழ்! வளர்க நம் பயிற்சி!